பிரமிடு போய் தட்டு வந்தது

எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரே படத்தில் சொல்லும் முயற்சிகளில் அதிகம் பேசப்பட்டது, அமெரிக்க வேளாண் துறை 1992-இல் வெளியிட்ட உணவுப் பிரமிடு. அந்த வடிவம் அங்கே பிறந்ததல்ல. 1974-லேயே சுவீடனின் கூட்டுறவு அமைப்பு ஒன்று அதைக் கையாண்டிருந்தது. அமெரிக்கப் படத்தின் அகன்ற அடித்தளத்தில் ரொட்டி, அரிசி, பாஸ்தா போன்றவை நாளுக்கு 6 முதல் 11 பங்கு. உச்சியில் எண்ணெயும் இனிப்பும். அடியில் இருப்பதை நிறையவும் உச்சியில் இருப்பதைக் கொஞ்சமாகவும் உண்ண வேண்டும் என்பது படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆனால் தீட்டாத தானியமும் வெள்ளை ரொட்டியும் ஒரே தளத்தில் கிடந்தன. ஆலிவ் எண்ணெயும் வெண்ணெயும் ஒரே உச்சியில் ஒதுங்கின. ஒரு ‘பங்கு’ என்றால் எத்தனை கரண்டி என்பதும் விளங்கவில்லை. 2005-இல் வந்த திருத்தம் குழப்பத்தைக் கூட்டியது. பிரமிடு நெடுக்காக வண்ணப் பட்டைகளானது. பக்கவாட்டில் படியேறும் மனித உருவம் ஒன்று. எந்த நிறம் எந்த உணவு என்று தனியே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது: விளக்கப்படத்துக்கே ஓர் உரை! 2011-இல் தட்டு வந்தது. பாதியில் காய்கறி, பழம். மறுபாதியில் தானியம், புரதம். ஓரத்தில் பாலுக்கு ஒரு வட்டம். ஒப்பிட்டுப் பார்க்கச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு தட்டு இருப்பதால் பங்குக் கணக்கு தேவைப்படவில்லை. அதே ஆண்டு ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி தன் தட்டை வரைந்தது. பாலின் இடத்தில் தண்ணீர், தானியத்தின் இடத்தில் முழுத்தானியம், கூடவே நல்ல எண்ணெய்க்கு ஒரு குப்பி.