வெயில் விழும் அறையும் தொட்டிச் செடியும்

புதுமனை மந்திரிப்புக்காக இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். முன்னாளைய வீடுகளில் சன்னல்கள் சிறியவை. வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். இன்று எழும் வீடுகளிலோ அகன்ற கண்ணாடிச் சன்னல்கள். கூடம் முழுவதும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு தொட்டிச் செடியேனும் வைக்க வேண்டுமென்று இல்லத்தரசியர் விரும்புவது இயல்பே. வாங்குகின்றனர், ஆசையோடு வைக்கின்றனர், இரண்டு திங்களுக்குள் செடி பட்டுப் போகின்றது.

அதனோடு முடிந்தால் கவலையில்லை. “உனக்குக் கைராசி இல்லை” என்றொரு சொல்லும் வந்து விழுகின்றது. பெரும்பாலும் அது வீட்டிற்குப் புதிதாய் வந்த மருமகளின் மீதே விழும். மணி பிளான்ட் வாடினால் வீட்டில் பணம் தங்காது என்பாரும் உளர். நாள்தோறும் நீர் ஊற்றியவளே பழியையும் சுமக்கிறாள். இது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும். செடி பட்டதற்குரிய காரணம் சன்னலின் திசையிலோ தொட்டியின் அடியிலோ இருக்கிறது. எவருடைய கையிலும் இல்லை.

முதலில் திசையைப் பார்ப்போம். வீட்டுச் செடிகளைப் பற்றிய குறிப்புகளில் பல மேலைநாட்டவர் எழுதியவை. தெற்குச் சன்னலே வெயில் மிகுந்தது, வடக்குச் சன்னல் நிழலானது என்று அவை கூறும். இலண்டன் மாநகருக்கு அது பொருந்தும். அங்கே நண்பகல் வேளையில் கதிரவன் எந்நாளும் தென்வானிலேயே நிற்பான். தமிழகமோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகை முதல் 13 பாகை வரை அமைந்த நாடு. திருச்சிராப்பள்ளியில் ஏறக்குறைய ஏப்ரல் 18-ஆம் நாள் கதிரவன் உச்சிக்கு நேராக வருகிறான்; அதன்பின் ஆகஸ்டு 25 வரை வானத்தின் வடபாதியிலேயே சஞ்சரிக்கிறான். ஆகவே அக்கினி நட்சத்திர நாட்களில் அவ்வூரின் தெற்குச் சன்னலில் நேர் வெயில் படுவதில்லை. வடக்குச் சன்னலில்தான் காலையிலும் மாலையிலும் படும். மார்கழி, தை மாதங்களிலோ தெற்குச் சன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீண்டு விழும். தை மாதத்தில் அங்கே செழித்திருந்த செடி வைகாசியில் ஏன் வெளிறுகிறது என்று வியப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிழக்குச் சன்னலின் காலை வெயில் ஏறக்குறைய எல்லாச் செடிக்கும் உகந்தது. மேற்குச் சன்னலே கடுமையானது. சுவரும் காற்றும் சூடேறிய பிற்பகலில் அங்கே வெயில் நேராக நுழைகிறது. எனவே செடி வாங்கப் புறப்படுமுன், பிற்பகல் மூன்று மணிக்குச் செடி வைக்கப்போகும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கூரிய விளிம்போடு விழுந்தால் அது நேர் வெயில்; மங்கி விழுந்தால் வெறும் வெளிச்சம்.

நேர் வெயிலுக்கு வறண்ட நாட்டுச் செடிகளே ஏற்றவை. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வளரும் அடீனியம், சோற்றுக் கற்றாழை, நம் கடற்கரை மாவட்டங்களில் நாருக்குப் பெயர்பெற்ற மருளும் அதன் இனமான பாம்புச் செடியும் மேற்குச் சன்னலுக்கும் அஞ்சா. முள்முடிச் செடியும் அத்தகையதே; வெயில் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பூத்துக்கொண்டிருக்கும். ஆண்டவரின் முள்முடி இச்செடியால் ஆனதென்று நம்மவர் சிலர் பக்தியோடு வளர்க்கின்றனர். பக்தியைக் குறை கூறவில்லை. ஆயினும் இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. பிரான்சு நாட்டிற்கே 1821-இல்தான் சென்றது. முள்ளைக் கண்டு இட்ட பெயர் என்று கொள்வதே முறை.

குரோட்டன்சுக்குக் காலை வெயில் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் அதன் செம்மையும் மஞ்சளும் மறைந்து வெறும் பச்சையாகிவிடும். மணி பிளான்ட் இதற்கு நேர்மாறானது. பசிபிக் கடலிலுள்ள மூரியா தீவின் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி வளர்ந்த கொடி அது. வெளிச்சத்தை விரும்பும், நேர் வெயிலில் இலை கருகும். சன்னலிலிருந்து நான்கைந்து அடி தள்ளியோ மெல்லிய திரைக்குப் பின்னாலோ வைத்தால் தழைக்கும். பணம் தங்குவதும் தங்காததும் வேறு விஷயம்!

வெயிலைத் தாங்கும் செடியையும் வாங்கிய அன்றே வெயிலில் வைத்தல் கூடாது. நாற்றுப் பண்ணையில் பச்சை வலையின் நிழலில் வளர்ந்த இலை அது. முதலில் ஒரு மணி நேர வெயில், பிறகு இரண்டு மணி நேரம் என்று இரண்டு வாரங்களில் பழக்க வேண்டும். இலை கண்ணாடியைத் தொடாதிருப்பதும் நலம்.

குழந்தைகள் உள்ள வீட்டார் மற்றொன்றையும் நினைவிற்கொள்க. அடீனியம் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பால் நஞ்சு. முள்முடிச் செடியின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். அழகிய புள்ளியிலைகளைக் கொண்ட டைபன்பாக்கியாவைக் கடித்த குழந்தையின் வாயும் நாவும் வீங்கிவிடும். மணி பிளான்ட் இலையும் வாயில் அரிப்பை உண்டாக்கும். தவழும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இவற்றை வைக்கலாகாது.

இனி, நீர். வெயிலறையில் செடிகள் பட்டுப்போவதற்கு வெயிலைவிட நீரே பெரிதும் காரணம் என்பது நம் துணிபு. வெயில் கடுமையாயிருக்கிறதே என்ற இரக்கத்தால் காலையும் மாலையும் ஊற்றுகின்றனர். மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலால் இலை வாடுகிறது. வாடியதைக் கண்டு மேலும் ஊற்றுகின்றனர்! இரண்டு அங்குலம் விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றவேண்டாம். கற்றாழைக்கும் அடீனியத்திற்கும் மண் முழுதும் உலர்ந்த பிறகே நீர். அடியில் துளையில்லாத பளபளப்பான பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் செடிக்கு ஆகாது. துளையுள்ள மண்தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். செம்மண்ணோடு பருமணலும் மக்கிய தொழுவுரமும் சம அளவில் கலந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். வறண்ட நாட்டுச் செடிகளுக்கு மணலை இரட்டிப்பாக்குக.

துளை வழியே வடியும் நீருக்காக அடியில் ஒரு தட்டு வைப்பது வழக்கம். அதில் தேங்கும் தெளிந்த நீரிலேதான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஒரு வாரத்திற்குள் புழு கொசுவாகிப் பறந்துவிடும். தட்டைக் கவிழ்த்து நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிய பிறகே தட்டை மீண்டும் தொட்டிக்கு அடியில் வைக்க வேண்டும்.