மைதானத்துக்கு வராத வண்டிகள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலம் இது. ஆண்டுதோறும் மே மாதத்தில் மாவட்டம்தோறும் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள். அவசரகால வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. குறையுள்ள வண்டிகள் திருப்பி அனுப்பப்படுகின்றன. அவசியமான பணி இது. ஆனால், அந்த மைதானத்துக்கு வராத வண்டிகளில்தான் பெரும் ஆபத்து இருக்கிறது.

காலை எட்டரை மணிக்கு எந்த ஊரின் பள்ளிச் சாலையிலும் இதைக் காணலாம். ஆட்டோவின் பின் இருக்கைக்கு எதிரே பலகை போட்டுக் குழந்தைகளை அடைத்திருப்பார்கள். ஓட்டுநரின் இருபுறமும் ஒவ்வொரு குழந்தை. புத்தகப் பைகள் வெளியே கம்பியில் தொங்கும். இந்த ஆட்டோக்களும் வாடகை வேன்களும் பள்ளியின் பெயரில் பதிவானவை அல்ல. அதனால் பள்ளி நிர்வாகம் பொறுப்பேற்பதில்லை. ஆய்வுக் குழுவும் பார்ப்பதில்லை.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பள்ளிப் பேருந்துக் கட்டணம் பலருக்குக் கட்டுப்படியாவதில்லை. இலவசப் பயண அட்டை இருந்தும், பள்ளி நேரத்தில் போதிய நகரப் பேருந்துகள் இல்லாத தடங்களில் மாணவர்கள் படிக்கட்டில் தொங்குகிறார்கள். அட்டை கொடுத்தால் போதாது, பேருந்தும் வர வேண்டும்.

2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னையில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் உயிரிழந்தான். அதன் பிறகே கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. ஆட்டோவில் நெருக்கியடித்துச் செல்லும் குழந்தைகளுக்காகவும் ஓர் உயிரிழப்புக்குப் பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டுமா?

கருவிகளால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. வண்டியிலிருந்து இறங்கும் சிறு குழந்தை அதே வண்டியின் முன்னால் சாலையைக் கடக்கிறது. ஓட்டுநரின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கைபிடித்து இறக்கிவிட்டு, சாலையைக் கடக்கச் செய்ய உதவியாளர் வேண்டும். விதி அதைத்தான் சொல்கிறது. ஆய்வு நாளன்று வண்டியில் இருக்கும் உதவியாளர், ஆகஸ்டிலும் இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

போக்குவரத்து, காவல், கல்வி ஆகிய மூன்று துறைகளும் குழந்தைகளின் பயணப் பாதுகாப்புக்குப் பொறுப்பு. மூன்றும் பொறுப்பு என்பதாலேயே ஒன்று இன்னொன்றைக் கைகாட்டும் நிலை இனியும் தொடரக் கூடாது. தன் வாசலுக்கு வரும் ஒவ்வொரு ஆட்டோவின், வேனின் பதிவு எண்ணையும், அதில் வரும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் பள்ளி எழுதிவைக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துப் போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் ஆண்டு முழுவதும் சாலையிலேயே சோதனை நடத்த வேண்டும். ஏற்றும் அளவை மீறிய வண்டிக்கு அபராதம் விதித்தால் மட்டும் போதாது. அதில் வரும் குழந்தைகளுக்கு மாற்றுப் பேருந்துக்கும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்தே இது நடைமுறைக்கு வர வேண்டும்.