எந்த ஊருக்கு டிரெயின்?

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, சுரப்பியையே முழுசாக எடுத்த மறுநாள் காலை. நர்ஸ் வந்து, "டிரெயின் எடுக்க இன்னும் ரெண்டு நாளாகும் ஐயா" என்றார். ரயில்வேயிலேயே காலம் தள்ளியவன் நான். பக்கத்திலிருந்த என் மனைவி, "இந்த நிலைமையில எந்த ஊருக்குங்க டிரெயின்?" என்று பதறிவிட்டாள்.

நர்ஸ் சொன்னது என் அடிவயிற்றின் பக்கவாட்டில் தொங்கிய வடிகுழாயை. அதன் நுனியில் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் குடுவை. அதை அமுக்கி மூடிவிட்டால், மெல்ல விரிந்து, உள்ளே தேங்கும் ரத்தத்தையும் நிணநீரையும் உறிஞ்சும். சிறுநீருக்கு வேறு குழாய். மூத்திரப்பையைத் தைத்த இடம் ஆறும்வரை, ஒரு வாரம் பத்து நாள், அது இருந்தே ஆகவேண்டும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

என் புகார் பக்கவாட்டுக் குழாய் மீதுதான். இரண்டு நாள் என்றது ஐந்து நாளானது. புரண்டு படுக்க வழியில்லை. முதல் நாள் இரவு குடுவை சிவப்பாக நிறைந்ததைப் பார்த்து, கதை முடிந்தது என்றே நினைத்தேன். அந்த நிறம் முதல் நாளில் சகஜம் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. நாலாம் நாள், "இதை எதுக்கு வச்சீங்க டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன். "எல்லாருக்கும் வைக்கிறது வழக்கம்" என்றார்.

வழக்கம் ஒரு காரணமா? இப்போதெல்லாம் தையல் போட்டதும் மூத்திரப்பையில் தண்ணீர் ஏற்றி, ஒழுகுகிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடுகிறார்கள். ரோபோ அறுவையில் வடிகுழாய் வைத்தவர்கள், வைக்காதவர்கள் என்று பிரித்து ஆய்வுகளே நடந்திருக்கின்றன. வைக்காதவர்களுக்குச் சிக்கல் ஒன்றும் கூடிவிடவில்லை.

அடியோடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தையல் ஒழுகினாலோ, ரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ அந்தக் குழாய்தான் காப்பாற்றும். வடிவது அதிகமானால் அதில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருந்தால் சிறுநீர் கசிகிறது என்று அர்த்தம். எனக்கும் பார்த்தார்கள், வெறும் நிணநீர்தான்.

(சாதாரண வீக்கத்துக்கு மூத்திரத் துவாரம் வழியாகச் சுரண்டி எடுத்துக்கொள்பவர்கள் பயப்பட வேண்டாம். அதில் வயிற்றைக் கிழிப்பதில்லை, இந்தக் குழாயும் கிடையாது.)

அடுத்த வாரம் ஒரு நண்பர் இதே ஆபரேஷனுக்குச் சேர்கிறார். கையெழுத்துப் போடுமுன் கேட்கச் சொல்லி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "எனக்கு வடிகுழாய் வைப்பீர்களா? எதனால்? எதைப் பார்த்து எடுப்பீர்கள்?"