காமிரா யார் கையில்?

பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் கதையை யார் சொல்ல வேண்டும்?

கண்டவர் சொல்லலாம். கேட்டவரும் சொல்லலாம். ஆனால், பட்டவர் சொல்வதுபோல் ஆகுமா?

காஞ்சீபுரம் வட்டாரத்தில் இன்று இந்தக் கேள்வி முக்கியமானது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பெரிய பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களில் இருந்து ஏராளமானோர் இங்கே வேலைக்கு வருகிறார்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு.

இவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் படித்தவர்கள் வருவார்கள். கையில் கேள்வித்தாள் இருக்கும்.

"சொந்த ஊர் எது? எத்தனை பேர் வந்தீர்கள்? கூலி என்ன? வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள்?"

பக்கத்திலேயே மேஸ்திரி நின்றால் தொழிலாளி என்ன சொல்வார்? "நன்றாக இருக்கிறோம்" என்பார். அதுவும் கணக்கில் ஏறிவிடும்!

கூலியைக் கட்டம் போட்டு எழுதலாம். பெற்ற பிள்ளையின் முகத்தைச் செல்போனில் மட்டுமே பார்க்கும் தகப்பனின் ஏக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

புது வழி

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் சிலர் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். காமிராவைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். காமிரா கை மாறிக்கொண்டே போகும். ஒருவர் பேச, அடுத்தவர் படம் எடுப்பார். எடுத்த படத்தை உடனே போட்டுப் பார்ப்பார்கள்.

பிறகு, ஊரில் இருந்து புறப்பட்டு வந்த வழியைத் தாளில் வரைவார்கள். எங்கே ரெயில் ஏறினார்கள், எங்கே கடன் வாங்கினார்கள், எங்கே ஏமாந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். பாட்டு தெரிந்தவர் பாடுவார். நடிக்கத் தெரிந்தவர் நடிப்பார். எதைப் படமாக்குவது, எதை விடுவது என்று அவர்களே கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

நீர்யானைக்குக் காது கூர்மை

இந்த வழி நேற்று முளைத்தது அல்ல.

ழான் ரூஷ் என்ற பிரெஞ்சுக்காரர் ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர். நைஜர் ஆற்றில் நடந்த நீர்யானை வேட்டையை அவர் 1951-ல் படம் எடுத்தார். 1954-ல் அந்தப் படத்தை வேட்டைக்காரர்களின் ஊரிலேயே போட்டுக் காட்டினார்.

வேட்டைக் காட்சிக்கு அவர் பாட்டு சேர்த்திருந்தார். வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. நீர்யானைக்குக் காது கூர்மை, பாட்டுச் சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்று சொல்லிவிட்டார்கள்!

படித்தவருக்குத் தெரியாதது, வேட்டைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

அதே காலத்தில் ரூஷ் இன்னொரு படமும் எடுத்தார். அதன் பெயர் 'ஜாகுவார்'. நைஜரில் இருந்து மூன்று வாலிபர்கள் பிழைப்புக்காகக் கடற்கரை நாட்டுக்குப் போகும் கதை அது. அந்த நாடுதான் 1957-ல் விடுதலை பெற்றுக் கானா ஆனது. படம் பிடித்தபோது பேச்சைப் பதிவு செய்ய வசதி இல்லை. பின்னர் அந்த மூவரையும் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். அவர்கள் பார்த்துக்கொண்டே தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். அந்தப் பேச்சே படத்தின் பேச்சு ஆயிற்று. 1967-ல் படம் வெளிவந்தது.

ஆனாலும், ரூஷ் கண்டனத்துக்குத் தப்பவில்லை. செம்பேன் உஸ்மான் என்பவர் ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற டைரக்டர். பிரான்சு நாட்டுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிழைத்தவர். பூச்சிகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்க்கிறீர்கள் என்று அவர் 1965-ல் ரூஷின் முகத்துக்கு நேரே சொன்னார்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது. காமிரா வெளியாள் கையிலேயே இருக்கும் வரையில் குறை இருக்கத்தான் செய்யும்.

வெட்டச் சொல்லும் உரிமை

கனடா நாட்டில் போகோ என்று ஒரு தீவு இருக்கிறது. மீன் பிடிப்பவர்கள் வாழும் தீவு. 1960-களில் அங்கே சுமார் 5,000 பேர் இருந்தார்கள். அவர்களைக் கிளப்பி வேறு ஊர்களில் குடியேற்றலாம் என்று அரசாங்கத்தார் நினைத்தார்கள்.

1967-ல் காலின் லோ என்ற டைரக்டர் அங்கே போனார். 20-க்கும் மேற்பட்ட சிறு படங்கள் எடுத்தார். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். படத்தை முதலில் அந்தத் தீவு மக்களுக்கே காட்டுவார். தாம் பேசியதில் பிடிக்காததை வெட்டச் சொல்லும் உரிமை பேசியவருக்கு உண்டு. அவர் சம்மதித்த பிறகே வெளியே காட்டுவார்கள்.

ஒரு கிராமத்தார் பேசியதை அடுத்த கிராமத்தார் பார்த்தார்கள். எல்லோருக்கும் கஷ்டம் ஒன்றுதான் என்று தெரிந்தது. மந்திரிகளும் பார்த்தார்கள். மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பெரிய படகுகள் கட்டினார்கள். தீவு காலியாகவில்லை. படத்தால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ஆனால், வாய் திறக்கப் படம் உதவியது.

படிக்காதவரால் முடியுமா?

எழுதப் படிக்கத் தெரியாதவர் காமிராவை என்ன செய்வார் என்று சிலர் கேட்கக்கூடும்.

அதற்கு ஆமதாபாத் பதில் சொல்லும். எளிய தொழில் செய்யும் பெண்களுக்காக 1972-ல் அங்கே தொடங்கிய சங்கம் 'சேவா'. 1984-ல் அந்தச் சங்கத்துப் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றார்கள். காய்கறி விற்கும் பெண்களும் அதில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே படம் எடுத்தார்கள்.

"தங்களுக்குச் சாதகமானதை மட்டும் காட்டமாட்டார்களா?" என்றும் கேட்கலாம். வெளியில் இருந்து வருகிறவர் மட்டும் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறாரா? கணக்கும் வேண்டும், கதையும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம்.

பொய்ப் படம் செய்த கேடு

படம் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2023 மார்ச் மாதத்தில் பார்த்தது.

பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய். எங்கேயோ நடந்த சம்பவங்களை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். தொழிலாளிகள் பயந்தார்கள். ஊரில் தாய்மார்கள் பதறினார்கள். பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டுப் போலீசார் வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள்.

அந்த வீடியோக்கள் தொழிலாளிகளைப் பற்றியவை. தொழிலாளிகள் எடுத்தவை அல்ல! தங்கள் நிலையைத் தாங்களே படம் எடுத்துச் சொல்லும் பழக்கம் முன்பே இருந்திருந்தால், பொய்க்கு இவ்வளவு பலம் வந்திருக்குமா?

குடவோலை சொல்லும் பாடம்

உத்திரமேரூர்க் கல்வெட்டை அறியாத தமிழர் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியை அது சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடியும் இடம் இல்லை என்பது அதில் ஒரு விதி.

ஆராய்ச்சிக்கும் அதே விதி வேண்டும். ஏழையின் கதையை வாங்கிப் போய்ப் பட்டம் பெறுகிறவர், திரும்பி வந்து அந்த ஏழையிடம் கணக்குக் காட்ட வேண்டும். படத்தை முதலில் அவருக்குக் காட்ட வேண்டும். வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும். முகம் தெரிந்தால் வேலை போகும் என்று அவர் பயந்தால், முகத்தைக் காட்டக் கூடாது. இல்லாவிட்டால், காமிராவைக் கையில் கொடுத்தது வெறும் வேடிக்கையாகிவிடும்.

கட்டியக்காரன் பேசட்டும்

காஞ்சீபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் சஞ்சீவிராயர் கோவிலுக்கும் நடவாவிக் கிணற்றுக்கும் பேர்போன ஊர். பக்கத்தில் உள்ள புஞ்சரசந்தாங்கலில், 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பல ஆண்டுகள் நடந்தது. பள்ளிப் படிப்போடு பிள்ளைகள் கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் குழந்தைகளும் ஆடினார்கள்.

கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். ராஜாவிடம் நேரே சொல்ல முடியாததை அவன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுவான். கேள்வித்தாளுக்குச் சொல்லாத உண்மை, வேஷம் கட்டினால் வெளியே வரும். இப்படிப்பட்ட கலை தெரிந்த சீமையில், புது ஆராய்ச்சி முறை அன்னியமாகத் தோன்ற நியாயம் இல்லை.

ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அங்கே பேசும் உரிமை அந்த ஊர் வாக்காளருக்கே உண்டு. பீகாரில் இருந்து வந்தவருக்கு இங்கே ஓட்டு இல்லை. அவர் குடிக்கும் தண்ணீர் இந்த ஊர்த் தண்ணீர்தான். ஆனால், குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதைக் கேட்க அவருக்கு இடம் இல்லை.

அவர் எடுத்த பத்து நிமிஷப் படத்தை, அவர் சம்மதத்தோடு, கிராம சபை கூடும் நாளில் ஊராருக்குப் போட்டுக் காட்டலாமே! அவர் போக முடியாத இடத்துக்கு அவர் படம் போகும்.

பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் தமிழர்கள். இன்றும் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். போன இடத்தில் தம் பிள்ளையின் பேச்சை நாலு பேர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று விரும்பாத தமிழ்த் தாய் உண்டா? பீகாரில் இருக்கும் தாயும் அதையேதான் விரும்புவாள்.