நான்கறிந்து எட்டறிவோம்

பெருங்களத்தூர்ப் பகுதிப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், ஆங்கிலச் சொல்வகை எட்டினையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பர். ஒரு தொடரைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னால் திகைப்பர். இக்குறை மாணவருடையதன்று, கற்பிக்கும் முறையினதே என்பது எம் கருத்து.

தொல்காப்பியர் பெயரும் வினையுமே சொல் எனக் கூறி, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என்றார். அரபு இலக்கணம் இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப் என மூன்றாகப் பகுக்கும். ஆங்கிலத்திலும் எட்டு என்பது நிலையானதன்று. 1795இல் லிண்ட்லி மர்ரே வெளியிட்ட இலக்கணம் ஒன்பது கூறிற்று. எண்ணிக்கை மாறலாம், தொடரில் சொல் ஆற்றும் பணியே வகையைக் காட்டும். 'படி' என்பது ஏறுகையில் பெயர். ஆசிரியர் ஏவுகையில் வினை. ஆங்கிலப் 'புக்' கையிலிருக்கையில் பெயர். பயணச்சீட்டுப் பதிவு செய்கையில் வினை.

'பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்திற்கு' என்கையில் நம் உருபுகள் பெயரின் பின் ஒட்டும். ஆங்கிலத்தில் 'ஃபிரம்', 'டு' என முன்னே தனித்து நிற்கும். இதனை உணர்ந்த மாணவனுக்கு முன்னிடைச்சொல் பற்றிய அச்சம் பாதி நீங்கும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணம் நுழைதலாகாது என்பாரோடு யாம் உடன்படோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர், தம்மை மந்தரென்று நம்பி ஒதுங்கிவிடலாகாது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஆண்டிற்குச் சில பாடவேளையேனும் கூடிக் கற்பிப்பாராக.