முகமூடியின் விலை

கொரிய வரலாற்றுத் தொடர்களை நம் பிள்ளைகள் ஆவலோடு காண்கின்றனர். 2008-இல் வெளிவந்த 'இல்ஜிமே' அவற்றுள் ஒன்று. முகமூடி அணிந்து கொடிய பிரபுக்களின் மாளிகைகளில் திருடும் நாயகன், பழி அப்பாவிகள்மேல் விழாதிருக்கப் பிளம் மரக்கிளை ஓவியமொன்றைத் தன் அடையாளமாக விட்டுச் செல்கிறான்.

மாறுவேடக் கதை நம் காஞ்சிக்குப் புதிதன்று. கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய 'சிவகாமியின் சபத'த்தில், மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு என்னும் பெயரில் உருமாறிப் பகைவரின் சூழ்ச்சியை அறிகிறார். அதே நாவலில் புலிகேசியின் உடன்பிறந்த நாகநந்தி, துறவியின் காவியுடைக்குள் ஒற்றராய் உலவுகிறார். இருவரும் தத்தம் நாட்டுக்கே உழைத்தனர். ஆயினும், காவியை நம்பிய சிவகாமி என்னும் பேதைப் பெண் வாதாபியில் சிறையிருக்க நேர்ந்தது.

முகமூடி நல்லதா, தீயதா எனப் பிள்ளைகள் வினவினால் நாம் என் சொல்வோம்? அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்று பார்க்கச் சொல்வோம். அணிந்தவனே செலுத்தினால் அவன் வீரன்; அவனை நம்பியவர் செலுத்தினால் அவன் வஞ்சகன். கைப்பேசியில் பொய்ப் பெயரோடு உலவுதல் எளிதாகிவிட்ட இந்நாளில், பெற்றோராகிய நாமும் இவ்வினாவை நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.