திறமை எனும் தூண்டில்: இணையப் போக்கர் பற்றி ஒரு சிந்தனை



சீட்டாட்டம் நமக்குப் புதிதல்ல. திருவிழாவுக்கு உறவினர்கள் கூடும்போதும், சாவு வீட்டில் விடியும்வரை விழித்திருக்கும்போதும் சீட்டுக்கட்டு வெளியே வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே யார் எவ்வளவு விட்டார் என்பது சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும். ‘போதும், எழுந்திரு’ என்று சொல்ல ஓர் அண்ணனோ மாமாவோ பக்கத்திலேயே இருப்பார். சீட்டுக்கட்டு கைபேசிக்குள் போன பிறகு அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் உறங்க, ஒருவர் மட்டும் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருக்கிறார்.

2025 ஆகஸ்ட் 21 அன்று நாடாளுமன்றம் இணைய விளையாட்டு பற்றிய ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மறுநாளே அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதையும், அது திறமையால் வெல்வதாயினும் அதிர்ஷ்டத்தால் வெல்வதாயினும், நடத்தக் கூடாது என்கிறது அச்சட்டம். தொடர்ந்து, நாட்டின் பெரிய நிறுவனங்கள் பணம் வைத்து ஆடும் ரம்மியையும் போக்கரையும் நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன.

சட்டம் வந்துவிட்டதே, இனி நாம் சிந்திக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆடியவர்கள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். ‘இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் போனதைப் பிடித்திருப்பேன்’ என்ற எண்ணமும் அவர்களுள் பலரிடம் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணம் எப்படி உருவாகிறது என்பதை அறியாமல் அவர்களுக்கு நாம் உதவ முடியாது.

ஒரு கணக்கரின் கதை

போக்கர் பிரியர்கள் அனைவரும் அறிந்த பெயர் கிறிஸ் மணிமேக்கர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த அவர் 2003இல் 27 வயதுக் கணக்கர், பொழுதுபோக்காக ஆடியவர். நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் இணையத்தில் ஒரு தகுதிப் போட்டியில் சேர்ந்தார். அதில் வென்று, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு லாஸ் வேகாஸ் சென்றார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் அனுபவசாலியான சாமி ஃபர்ஹாவைக் கடைசியில் வீழ்த்தி, 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். இருவரும் மோதிய ஓர் ஆட்டத்தில், கையில் ஒரு ஜோடிகூட இல்லாமலே பெரிய சீட்டு இருப்பதுபோல் காட்டி முழுத் தொகையையும் பந்தயம் கட்டினார். நல்ல சீட்டு வைத்திருந்த ஃபர்ஹா அதை நம்பி விலகிக்கொண்டார்.

தொலைக்காட்சி இதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. விளைவு என்ன? முதன்மைப் போட்டியில் 2004இல் 2,576 பேர் ஆடினார்கள். 2006இல் அந்த எண்ணிக்கை 8,773 ஆயிற்று. ‘ஒரு கணக்கரால் முடியுமென்றால் என்னால் ஏன் முடியாது?’ என்று உலகெங்கும் பலர் கேட்டுக்கொண்டார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்தப் போட்டியில் தோற்ற 838 பேரின் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்? வென்றவரின் கதைக்கு ஆயிரம் வாய்கள் உண்டு. தோற்றவரின் கதை அவர் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

போக்கர் போட்டியில் எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே அளவு சில்லுகள் தருவார்கள். சில்லுகளை இழந்தவர் வெளியேற வேண்டும். கடைசிவரை நிற்பவர் முதல்வர். கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் ஆடும் ஒவ்வொரு போட்டியிலும் 1,000 பேர் இருக்கிறார்கள். கட்டணம் 110 ரூபாய். அதில் 100 ரூபாய் பரிசுத் தொகைக்கு, 10 ரூபாய் நடத்துகிறவருக்கு. பரிசுத் தொகை ஒரு இலட்சம். இத்தகைய போட்டிகளின் வழக்கப்படி ஏறக்குறைய 150 பேருக்குப் பரிசு உண்டு. முதலிடத்துக்கு 18,000 ரூபாய் என்றால், 150ஆவது இடத்துக்கு 200 ரூபாய்தான். மீதி 850 பேருக்கு ஒன்றுமில்லை.

இரவுக்கு 5 போட்டி, மாதத்தில் 25 இரவு என்று வைத்தால் 125 போட்டிகள். செலவு 13,750 ரூபாய். சராசரியாக ஆடுகிறவருக்கு அவற்றில் 19 முறை போலப் பரிசு கிடைக்கும். ‘இந்த மாதம் 19 முறை ஜெயித்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 200, 300 ரூபாய்ப் பரிசுகளே. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் முதல் சில இடங்களுக்குள் வர வேண்டும். முதலிடமோ ஆயிரத்தில் ஒருமுறை, அதாவது எட்டு மாதத்துக்கு ஒருமுறை. அதுவும் உறுதியில்லை. எட்டு மாதம் ஆடியும் ஒருமுறைகூட முதலிடம் வராமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான வாய்ப்பு இருக்கிறது.

அவர் பிறரைவிட இருமடங்கு திறமைசாலி என்றே கொள்வோம். அப்போதும் முதலிடம் நான்கு மாதத்துக்கு ஒன்று என்றுதான் கணக்கு. இடையில் மாதக்கணக்கில் இழப்பு வரலாம். தாம் திறமைசாலியா இல்லையா என்பதே ஓரிரு ஆண்டுகள் ஆடினாலும் அவருக்கு உறுதியாகத் தெரியாது. யார் வென்றாலும் தோற்றாலும் போட்டிக்குப் போட்டி தன் பங்கை எடுத்துக்கொள்பவர் நடத்துகிறவர் ஒருவரே.

முன்னேற்றம் என்ற மயக்கம்

இந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. எந்தச் சீட்டில் விலகுவது, எப்போது பந்தயத்தை உயர்த்துவது, எதிராளியின் போக்கை எப்படிக் கணிப்பது என்று கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நூல்கள் உண்டு, பயிற்சி வகுப்புகளும் உண்டு. முதல் சில மாதங்களில் புதியவர் உண்மையாகவே முன்னேறுகிறார். முன்பு பத்து நிமிடத்தில் வெளியேறியவர் இப்போது மூன்று மணிநேரம் தாக்குப்பிடிக்கிறார். ஒருநாள் இறுதி மேசைவரை வந்துவிடுகிறார். அன்று அவருக்கு உறக்கம் வராது.

பிறகு பின்னடைவு வருகிறது. போக்கரில் கையில் இரண்டு ஏஸ் வருவதே மிகச் சிறந்த தொடக்கம். எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் எல்லாச் சில்லுகளையும் பணயம் வைத்தால், ஏஸ் வைத்திருப்பவர் நூற்றுக்கு 80 முறைக்கும் சற்று அதிகமாக வெல்வார். மீதி முறைகளில் அவரே தோற்பார். இப்படி 80 சதவீத வாய்ப்புள்ள நிலையில், உள்ளதனைத்தையும் ஐந்து முறை பணயம் வைக்கிறார் என்று கொள்வோம். ஐந்தையும் கடந்து வர அவருக்குள்ள வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஒரு தவறும் செய்யாமலே மூன்றில் இருமுறை அவர் வெளியேறுவார்.

மனம் தடுமாறுவது இங்கேதான். வென்றால் ‘என் திறமை’ என்கிறார். தோற்றால் ‘நன்றாகத்தான் ஆடினேன், சீட்டு சதி செய்துவிட்டது’ என்கிறார். இரண்டாவது பேச்சும் பல நேரங்களில் உண்மையே என்பதுதான் சிக்கல். உண்மையைச் சொல்லியே அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ள முடிகிறது. லாட்டரியில் தோற்றவர் சீட்டைக் கிழித்தெறிந்து தலைவிதி என்று போய்விடலாம். போக்கரில் தோற்றவருக்கு ‘இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டால் போதும்’ என்ற நம்பிக்கை மிஞ்சுகிறது. போனதைப் பிடிக்க 110 ரூபாய்ப் போட்டியை விட்டு 1,100 ரூபாய்ப் போட்டிக்கு ஏறுகிறார். முதலில் சம்பளம், பிறகு கடன், பிறகு மனைவியின் நகை. விழுந்துகொண்டிருப்பவர் தாம் ஏறிக்கொண்டிருப்பதாகவே நம்புகிறார்.

மேசைக்கு வெளியே வந்த அடிகள்

சீட்டால் வராத பின்னடைவுகளும் உண்டு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அவற்றுள் ஒன்றான ஃபுல் டில்ட் நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர் என்று அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினர். பொறுமையாக ஆடி வென்று சேர்த்தவரின் பணமும் அதில் மாட்டிக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014இல்தான். அதற்கும் முன்பு, 2007, 2008 ஆண்டுகளில், இரு தளங்களில் உள்ளே இருந்தவர்களே எதிராளியின் மூடிய சீட்டுகளைப் பார்த்து ஆடியது வெளிப்பட்டது.

2019இல் ப்ளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. திரைக்கு அப்பால் இருப்பவர் மனிதர்தானா என்பதைக்கூட ஒரு புதியவரால் அறிய இயலாத காலம் இது.

திறமையா? அதிர்ஷ்டமா?

நம் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக நடந்த வாதம் இதுதான். தமிழக அரசின் முந்தைய தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022இல் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. 2025இல் தமிழக ஆணையம், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என விதித்தது. அதை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் உறுதி செய்தது. பிறகே நடுவண் சட்டம் வந்தது.

சட்டத்துக்கு அந்த வேறுபாடு தேவைப்பட்டிருக்கலாம். குடும்பத்துக்கோ அது உதவாது. பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் திறமை விளையாட்டில் போனால் என்ன, அதிர்ஷ்ட விளையாட்டில் போனால் என்ன? சொல்லப்போனால் திறமை என்ற சொல்லே தூண்டிலில் மாட்டிய புழு.

திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதை நிதானமாகவே அணுகுகிறது. சூதாட்டமும் பந்தயமும் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல. தன் தேவைக்கும் பிறர் தேவைக்குமான பணத்தைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. அந்த மோகம் மனிதரை அடிமையாக்கக்கூடும் என்பது அதன் 2413ஆம் எண்ணில் உள்ள போதனையின் சாரம். பங்குத் திருவிழாவில் குலுக்கல் சீட்டு விற்கும் நாம் அடுத்தவரைப் பாவி என்று முத்திரை குத்த விரைய வேண்டாம். ‘இந்தப் பணம் யாருடைய உணவு?’ என்று கேட்டாலே போதும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வெற்றியைப் பற்றிக் கேட்பதை விட்டுக் கணக்கைக் கேட்போம். ஆடியவர் தம் வங்கிக் கணக்கைத் திறந்து, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று மாதவாரியாக ஒரு தாளில் எழுதட்டும். ‘மொத்தத்தில் சமமாக இருக்கிறேன்’ என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு தாள் பல அறிவுரைகளைவிடப் பயன் தரும்.

இரண்டாவது, அவமானப்படுத்தாதிருப்போம். புதிய சட்டமும் ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை. நடத்துகிறவரையும் விளம்பரம் செய்கிறவரையும் தண்டிக்கிறது. சட்டம் காட்டும் இந்தப் பரிவை வீட்டில் நாம் காட்டாமல் இருக்கலாமா? திட்டுக்கு அஞ்சுகிறவர் கடனை மறைப்பார். மறைத்த கடனை அடைக்க மீண்டும் ஆடுவார். வெளிநாட்டுத் தளங்கள் கள்ள வழியில் அவரைத் தேடி வரும்.

மூன்றாவது, தனியாக மீள முடியாதவருக்குத் துணை தேடுவோம். மனம் உடைந்தவர் 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். அன்பியக் கூட்டங்களில் குடிநோயைப் பற்றிப் பேசத் துணிந்த நாம் இதையும் பேசத் துணிய வேண்டும்.

பழைய சீட்டாட்டத்தில் பக்கத்தில் இருந்து ‘போதும், எழுந்திரு’ என்று சொன்ன அந்த அண்ணனை மீண்டும் நம் வீடுகளுக்குள் கொண்டுவருவோம். இன்றிரவு நம் வீட்டில் எந்த அறையில் விளக்கு அணைந்தும் திரை ஒளிர்கிறது? கோபமில்லாமல் கதவைத் தட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, ‘எவ்வளவு போயிற்று, சொல், சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று கேட்போமா?